விரல் ரேகையும் கொடுத்த வாக்கும்

காத்திவாக்கத்தில் நியாயவிலைக் கடைக்கு அரிசி வாங்க வருபவர் இன்று குடும்ப அட்டையைக் காட்டுவதோடு, சிறு கருவி ஒன்றின் மீது விரலையும் வைக்க வேண்டியிருக்கிறது. ஆலை வாயிலில் வருகையைப் பதிவதற்கும், புதிய கைப்பேசி எண் வாங்குவதற்கும் அதே விரல் பயன்படுகிறது. மருத்துவக் காப்பீடு எடுத்தால் நம் நோய்களின் விவரமும் எங்கோ ஒரு கணிப்பொறியில் போய்ச் சேர்கிறது. இவ்வாறு ஒருவரைப் பற்றித் திரட்டி வைக்கப்படும் விவரங்களைத் தரவு என்கிறோம்.

இந்தத் தரவு யாருக்குச் சொந்தம்? அதை வாங்கி வைத்திருப்பவர் தம் விருப்பம்போல் பயன்படுத்தலாமா? அது கசிந்து போனால் பொறுப்பு யாருடையது? இவை கணிப்பொறியோடு பிறந்த கேள்விகள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர்கள் இக்கேள்விகளை எழுப்பியிருக்கிறார்கள், அவற்றுக்காகச் சிறை சென்றிருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை அறிந்துகொண்டால் இன்றைய சிக்கலும் தெளிவாக விளங்கும்.

கப்பலேறிய பெயர்ப் பட்டியல்

காத்திவாக்கத்துக்குத் தெற்கே, இன்று சென்னைத் துறைமுகம் இருக்கும் கரையில் 1860-ஆம் ஆண்டில் துறைமுகம் ஏதும் கிடையாது. பயணிகள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து, தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் இங்கிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடைந்தது. அதில் சென்ற 342 பேர், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர்கள்.

அப்படிச் சென்றவர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளங்கள் ஆகியவை பட்டியலில் எழுதப்பட்டன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் தரப்பட்டது. தோட்டத்திலிருந்து ஒருவர் ஓடிவிட்டால் அவரைக் கண்டுபிடிக்க அந்த விவரங்கள் உதவின. விவரம் அவருடையது; பயனோ தோட்ட முதலாளியுடையது. ஆயினும் மச்சத்தையும் தழும்பையும் வைத்து ஆளை அடையாளம் காண்பது அவ்வளவு எளிதன்று. அந்தக் குறையை விரல் ரேகை தீர்த்து வைத்தது.

1,024 அறைகள்

1858-ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலை போடும் பொருள்களைத் தருவதற்கான ஒப்பந்தம் ஒன்றில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை மையில் தோய்த்துப் பதிய வைத்தார். “இது என் கையெழுத்து அன்று” எனப் பின்னாளில் மறுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பிறகு ஓய்வூதியம் வாங்குவோரிடமும் அவர் இம்முறையைக் கையாண்டார். ஒப்பந்தக்காரர் தாம் செய்த ஒப்பந்தத்துக்கும், ஓய்வூதியர் தமக்குச் சேர வேண்டிய பணத்துக்கும் சாட்சியாக ரேகையைத் தந்தனர். நோக்கம் இருதரப்புக்கும் தெரிந்திருந்தது.

ஒருவருடைய ரேகையை அவரே முன்பு கொடுத்த ரேகையோடு ஒப்பிடுவது ஒரு வேலை. இன்னாரென்று தெரியாத ஒருவரை இலட்சக்கணக்கான ரேகைகளிடையே தேடிக் கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவதற்கு ஒரு பெருவிரல் போதும். இரண்டாவதற்குப் பத்து விரல்களும் அவற்றை வகைப்படுத்தும் கணக்கும் வேண்டும்.

கல்கத்தாவில் எட்வர்டு ஹென்றி என்ற காவல்துறைத் தலைவரின் கீழ்ப் பணியாற்றிய அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர்கள் அந்தக் கணக்கை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டனர். பத்து விரல்களையும் ஐந்து இணைகளாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு விரலிலும் சுழி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆகவே ஓர் இணைக்கு நான்கு நிலைகள் உண்டு. ஐந்து இணைகளுக்கு 4×4×4×4×4, அதாவது 1,024 வகைகள். ரேகைத் தாள்களை 1,024 அறைகளில் பிரித்து வைத்துவிட்டால், புதிதாக வரும் தாளை ஓர் அறையில் மட்டும் தேடினால் போதும். 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. கண்டுபிடிப்புக்கு உழைத்தவர்கள் இருவரும் பின்னணியில் நிற்க, ‘ஹென்றி முறை’ என்ற பெயரே உலகெங்கும் நிலைத்தது.

இது அறிவியலின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்பந்தத்துக்குச் சாட்சியாக இருந்த ரேகை இப்போது ஆளைத் தேடும் கருவியாகவும் மாறிவிட்டது.

ஜோகனஸ்பர்க்கின் கொப்பரை

1900-இல் ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, ஜோகனஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களின் காவல்துறையை ஒழுங்குபடுத்தினார். சில ஆண்டுகளில் டிரான்ஸ்வால் அரசு, அங்குள்ள ஆசியர்கள் யாவரும் பத்து விரல் ரேகைகளையும் தந்து சான்றிதழ் பெற வேண்டும், காவலர் கேட்கும்போது அதைக் காட்ட வேண்டும் என்று 1907-இல் சட்டம் செய்தது.

இந்தியர்களுக்கு ரேகை கொடுப்பது புதிதன்று. முன்பு பெருவிரல் ரேகை கொடுத்துச் சான்றிதழ் பெற்றவர்கள்தாம். ஆனால் பத்து விரல் ரேகை சட்டப்படி குற்றவாளிகளிடம் மட்டுமே வாங்கப்படுகிறது என்பதை ஹென்றியின் நூலைப் படித்துக் காந்தியடிகள் அறிந்துகொண்டார். குற்றம் எதுவும் செய்யாத ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்துவதா என்பதே அவர்களுடைய கேள்வி. சுமார் 500 பேரைத் தவிர மற்றவர்கள் பதிவு செய்துகொள்ள மறுத்தனர். ஜோகனஸ்பர்க் தமிழர்களின் தலைவர் தம்பி நாயுடு இப்போராட்டத்தின் முன்னணியில் நின்று பலமுறை சிறை சென்றார்.

1908 ஜனவரி 30 அன்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் சட்டத்தை நீக்கிவிடுவதாக அமைச்சர் ஸ்மட்ஸ் வாக்களித்தார் என்பது காந்தியடிகளின் கூற்று. எந்த ரேகையை மறுத்துச் சிறை சென்றாரோ அதே பத்து விரல் ரேகையைக் கொடுக்க அவர் முன்வந்தார். சினமுற்ற சிலர் பிப்ரவரி 10 அன்று அவரைத் தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் காயமடைந்தார். படுக்கையில் கிடந்தபடியே காந்தியடிகள் ரேகை பதிந்தார். கட்டாயத்தால் கொடுப்பது அடிமைத்தனம், விரும்பிக் கொடுப்பது ஒத்துழைப்பு என்பது அவர் கொள்கை.

ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்துகொண்டனர். சட்டமோ நீக்கப்படவில்லை. அப்படி ஒரு வாக்குறுதியே தாம் தரவில்லை என்றார் ஸ்மட்ஸ். அது எழுத்தில் இல்லை. 1908 ஆகஸ்டு 16 அன்று ஜோகனஸ்பர்க்கின் ஹமீதியா மசூதித் திடலில் பெரிய இரும்புக் கொப்பரையில் 2,000-க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. சான்றிதழ் இல்லாத குற்றத்துக்காகச் சிறைப்பட்ட சாமி நாகப்பன் என்ற தமிழ் இளைஞர், கடுங்குளிரில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில் 1909 ஜூலை 6 அன்று இறந்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கொப்பரையில் எரிந்தவை மக்கள் கையிலிருந்த தாள்கள். அவர்கள் கொடுத்த ரேகைகளோ அரசு அலுவலகத்தில் பத்திரமாக இருந்தன. கொடுத்த ரேகையைத் திரும்பப் பெற அவர்களுக்கு வழி இல்லை.

பெருங்காமநல்லூர்

இதே கதை பின்னர் தமிழ் மண்ணிலும் நிகழ்ந்தது. வடஇந்தியாவில் 1871-இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. சில சமூகங்களில் பிறந்தவர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதி, அவர்களின் பெயரையும் ரேகையையும் பதிவேட்டில் ஏற்ற அச்சட்டம் இடமளித்தது. பதிவானவர்கள் இரவுதோறும் காவலர் முன் தங்கள் இருப்பைக் காட்ட வேண்டும். அனுமதியின்றி வெளியூர் போகக் கூடாது.

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் ரேகை பதிய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 16 பேர் உயிரிழந்தனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர். இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீக்கப்பட்டது.

உழவர் ஒருவர் கடன் பத்திரத்தில் பெருவிரலைப் பதிக்கத் தயங்குவதில்லை. பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்ததற்குக் காரணம் மையும் தாளும் அல்ல. அந்த ரேகை தங்களுக்கு எதிராகவே பயன்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கணிப்பொறி வந்த பிறகு

1,024 அறைகளில் கைகளால் தேடிய வேலையைக் கணிப்பொறி இன்று நொடியில் முடித்துவிடுகிறது. படியெடுப்பதற்கும் செலவில்லை. ஆகவே பழைய தவறுகள் புதிய வேகத்துடன் நிகழ்கின்றன. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முகநூலில் வைக்கப்பட்ட ஆளுமைத் தேர்வு ஒன்றின் வாயிலாகத் திரட்டிய விவரங்கள், கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது 2018-இல் வெளிப்பட்டது. இந்தியாவில் அந்தத் தேர்வை ஏற்றவர்கள் வெறும் 335 பேர். ஆனால் அவர்களுடைய நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களையும் சேர்த்தால் 5,62,455 பேர் என்று முகநூல் நிறுவனமே கூறியது. ஒருவர் இசைவு தந்தால் அவருடைய நண்பரும் இசைந்ததாகுமா? அண்டை வீட்டுக்காரர் கையெழுத்திட்டால் நம் வீட்டுக் கதவைத் திறக்கலாமா? அமெரிக்க வணிக ஆணையம் 2019-இல் அந்நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இரண்டாவது நம் சென்னையில் நிகழ்ந்தது. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் செயலியில், கேட்டவருக்கெல்லாம் தானாக எடுத்துத் தரும் நிரல்கள் மூலம் கிடைக்கின்றன என்ற செய்தி 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. பெயர், முகவரி, தொலைபேசி எண் மட்டுமல்ல. அடையாள அட்டைப் படிகளும் மருத்துவச் சோதனை முடிவுகளும் அவற்றில் இருந்தன. 3.1 கோடிப் பேரின் விவரம் தம்மிடம் உள்ளதாகத் திருடியவர் கூறிக்கொண்டார். தன் தரவுகள் சில அனுமதியின்றி அணுகப்பட்டதை ஒப்புக்கொண்ட நிறுவனம், சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது. ஆனால் வெளியே போய்விட்ட படிகள் யார் யாரிடம் உள்ளன என்பதை எந்த நீதிமன்றத்தால் கண்டறிய முடியும்? கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகையையும் நோயின் வரலாற்றையும் மாற்றிக்கொள்ள முடியாது.

அடைக்கலப் பொருள்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒருவர் அவசரத்துக்கு நகையை அடகு வைக்கிறார். கடைக்காரர் அந்த நகையைத் தம் மகளுக்கு அணிவித்துத் திருமணத்துக்கு அனுப்பினால் நாம் ஒப்புவோமா? திரும்பி வந்து பெட்டியில் வைத்துவிட்டேன், தேயவில்லை என்று அவர் சொன்னாலும் ஒப்பமாட்டோம். நகை அவரிடம் இருக்கிறது. ஆனால் அவருடையது அன்று. அது அடைக்கலப் பொருள்.

தரவும் அப்படிப்பட்டதே. தீங்கு விளைந்ததா என்பதை மட்டும் வைத்து எடைபோடுவோர், கசிவினால் பண இழப்பு இல்லையென்றால் தவறே இல்லை என்று வாதிடக்கூடும். ஆனால் டிரான்ஸ்வால் மக்கள் இழந்தது பணமன்று. சொன்ன நோக்கத்தை மீறுவதும், கொடுத்த வாக்கைக் காக்காததும் தம்மளவிலேயே தவறு என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. இசைவிலும் ஒரு நுட்பம் உண்டு. மறுத்தால் அரிசி இல்லை, வேலை இல்லை என்ற நிலையில் பெறப்படும் சம்மதம் முழுமையான சம்மதம் ஆகாது. மறுக்க இயலாதவரிடம் வாங்கும் பொருளைக் காப்பதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதே நியாயம். நடைமுறையிலோ ஏழைகளே அதிகமாக விரல் பதிக்கின்றனர். கசிந்தால் வழக்காட வசதியற்றவர்களும் அவர்களே.

சட்டம் எங்கே நிற்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்பதில் உச்ச நீதிமன்றத்தின் 1954, 1962 தீர்ப்புகள் மக்களுக்குச் சாதகமாக இல்லை. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது அடிப்படை உரிமையே என்றனர். 2018-இல் ஆதார் திட்டம் செல்லும் என்று கூறிய தீர்ப்பும், தனியார் நிறுவனங்கள் அதைத் தம் விருப்பப்படி கேட்பதற்கு வழிவிட்ட விதியைத் தள்ளுபடி செய்தது.

2023-இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. ஆனால் அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் பங்கு இல்லை. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. நகையைத் தொலைத்த கடைக்காரர் அபராதம் கட்டிவிட்டார்; நகைக்குரியவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார் என்பது போன்ற நிலை இது. ரேகையை அரசே தவறாகப் பயன்படுத்திய வரலாறு நமக்கு இருக்கும்போது, அரசுக்கான விலக்கையும் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவர்களுள் சிலர் நாளை மருத்துவமனைக்கோ வங்கிக்கோ ஆலைக்கோ கணிப்பொறி நிரல் எழுதுவீர்கள். படிவத்தில் எந்தெந்த விவரங்களைக் கேட்பது என்பதை முடிவு செய்யும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். வேலைக்குத் தேவையில்லாத விவரத்தைக் கேட்காமல் விடுவதே முதல் பாதுகாப்பு. இல்லாத தரவு கசிய முடியாது. கேட்டே தீர வேண்டியதை எதற்காகக் கேட்கிறோம், எப்போது அழிப்போம் என்பதை விரல் வைப்பவருக்குப் புரியும் தமிழில் எழுத்தில் தர வேண்டும். 1908-இல் ஜோகனஸ்பர்க் தமிழர்களின் கையில் அப்படி ஒரு தாள் இல்லை.