ஆலையில் கழிந்தது, ஆட்டுக்குத் தீவனமானது

ஜவ்வரிசிப் பாயசத்தைச் சுவைக்காதவர் குறைவு. ஆனால் ஜவ்வரிசி எடுத்தபின் மிஞ்சும் சக்கை எங்கே போகிறது தெரியுமா? சேலம், நாமக்கல் பகுதிகளில் அது ஆடு, மாடுகளின் தீவனத் தொட்டிக்குப் போகிறது. இதற்குப் பின்னால் ஓர் உலகப்போரின் கதை இருக்கிறது!

மரவள்ளிக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, எளியவர்களின் பசி தீர்க்கும் பயிராக அதைத் தம் நாட்டில் பரப்பினார்.

அப்போதெல்லாம் ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்தது. 1942-ல் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் வரத்து நின்றது. அந்தப் போர்க்காலத் தட்டுப்பாட்டில்தான் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது. 1981-ல் உற்பத்தியாளர்களுக்கென்று 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமும் உருவானது.

கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, பாலை வடிகட்டுவார்கள். பால் தெளிந்து மாவாகும். சல்லடையில் தங்கும் நார்ச்சக்கைதான் திப்பி. அதை வெயிலில் காய வைத்தால் தீவனம்.

செக்கடிப் புண்ணாக்கு, அரிசித் தவிடு, உளுந்துப் பொட்டு என்று மிஞ்சியதை ஆட்டுக்கு வைப்பது பழைய வழக்கம். அந்த வரிசையில் திப்பியும் சேர்ந்தது. கோடையில் மேய்ச்சல் கருகும்போது, நிலமில்லாத குடும்பத்துக்கு நாலு ஆடுதான் சேமிப்பு. அது இளைத்தால் சந்தையில் விலை இல்லை.

ஆனால் திப்பி மட்டும் போதாது. அதில் மாவுச்சத்து அதிகம், புரதம் மிகக் குறைவு. குட்டிக்கு வயிறு நிறையும், உடம்பு தேறாது. அதனால்தான் புரதம் மிகுந்த கடலைப் புண்ணாக்கும் தழையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. திடீரென்று அதிகம் வைத்தால் வயிற்றில் அமிலம் பெருகி ஆடு சாகவும் கூடும். பச்சைத் தோலில் சயனைடு நஞ்சு உண்டு. நன்றாகக் காய வைத்தால் அது குறையும்.

புண்ணாக்கிலும் கவனம் தேவை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை! அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்போதுதான்.

கழிவு என்று ஒதுக்கியது ஓர் ஏழை வீட்டின் ஆட்டை வளர்க்கிறது. அளவும் பக்குவமும் தெரிந்தால் அது தீவனம், தெரியாவிட்டால் அதுவே நஞ்சு.