வெட்டியெடுத்த சதை சொன்ன செய்தி

ரயில்வே உத்தியோகத்தையும் கண்டோன்மெண்டையும் நம்பிச் செகந்திராபாத் வந்து சேர்ந்த தமிழர்களாகிய நாம், ரொனால்டு ராஸின் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், கொசு ஒன்றின் வயிற்றை அறுத்து அவர் மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தபோது மலேரியாக் கிருமி தென்பட்டது இவ்வூரில்தான். அறுத்தெடுத்த ஒரு துணுக்கு, உயிருள்ள உடலின் நோயைச் சொல்லிவிடும். நாம் கூறப்புகுவதும் அத்தகைய வரலாறே. ஆனால் அது தொடங்கிய இடம் பெர்லின்.

ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895இல். எலும்பு முறிவையும் உடலில் பாய்ந்த குண்டையும் அவை எளிதில் காட்டின. மார்பகமோ எலும்பில்லாத மென்சதை. அதற்குள் கட்டியைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஆல்பர்ட் சாலமன் என்ற ரண சிகிச்சை நிபுணர், நோயின் பொருட்டு வெட்டி நீக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களைக் கதிர்ப்படம் எடுத்தார். படத்தில் கண்டதையும் சதையில் கண்டதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். புற்று எவ்வாறு பரவி அக்குளின் நெறிக்கட்டுகளை எட்டுகிறது என்பதை 1913இல் வெளியிட்டார். படங்களில் சிறு கரும்புள்ளிகளும் இருந்தன. அவற்றின் முழுப்பொருள் அன்று விளங்கவில்லை.

அவர் யூதர். 1933க்குப் பின் நாஜிகள் ஆட்சியில் பதவியை இழந்தார். 1938இல் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். பின்னர் நெதர்லாந்துக்குத் தப்பினார். ஓவியரான அவர் மகள் சார்லட் 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். பிறந்த மண்ணைவிட்டு வாழும் நம்மவர், பிழைப்புக்காகப் புறப்படுவதும் உயிருக்காக ஓடுவதும் ஒன்றல்ல என்பதை அறிவர்.

உயிருள்ள பெண்களிடம் இம்முறையை அமெரிக்காவில் ஸ்டாஃபர்டு வாரன் கையாண்டு 1930இல் எழுதினார். உருகுவே நாட்டு லெபோர்ன், மார்பகத்தை அழுத்திப் படமெடுத்தால் தெளிவு கூடும் என்று காட்டினார். அந்தப் புள்ளிகள் சுண்ணாம்புத் துகள்கள் என்பதையும், அவற்றின் தோற்றம் புற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதையும் 1949 வாக்கில் விளக்கினார். கைக்கு அகப்படாத நோயும் கண்ணுக்கு அகப்படலாயிற்று.

நம் நாட்டில் சென்னை பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு மருத்துவமனை எழுந்தது. ஹைதராபாதில் மெஹ்தி நவாஸ் ஜங் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை 1955இல் தோன்றியது. செகந்திராபாத் கிம்ஸ் மருத்துவமனையில் மார்பக நோய்களுக்கென்றே தனி நிலையம் 2007இல் வந்தது.

ஆயினும், "வலிக்கவில்லையே" என்று கட்டியை மறைத்து வைக்கும் தாய்மாரும் தமக்கைமாரும் நம் வீடுகளில் உண்டு. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. மொழி புரியாத ஊரில், ஆண் வைத்தியரிடம், மொழிபெயர்க்க மகனை அழைத்துக்கொண்டு போகக் கூசுவதும் உண்மை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அக்கூச்சத்தை எளிதாகப் பேசமாட்டோம். துணைக்கு ஒரு பெண்ணை அனுப்பினால் பாதிச் சுமை குறையும்.

சாலமன் செய்தது இன்றும் நின்றுவிடவில்லை. கைக்குத் தட்டுப்படாத கட்டியை மெல்லிய கம்பியால் அடையாளமிட்டு வெட்டியெடுத்ததும், அச்சதைத் துண்டைக் கதிர்ப்படம் எடுக்கிறார்கள். சுண்ணாம்புத் துகள்கள் முழுவதும் அதில் வந்துவிட்டனவா, விளிம்பில் எஞ்சியுள்ளனவா என்று பார்க்கிறார்கள். அந்தப் படம் வரும்வரை, காயத்தைத் தைக்காமல் வைத்தியர் காத்து நிற்கிறார்.