மைசூர் வெற்றிலை

நம் சங்க விழாக்களின் வாயிலில் சந்தனத்தோடும் கற்கண்டோடும் வரவேற்கும் வெற்றிலைக்குத் தமிழர் வாழ்வில் உள்ள இடம் மிகப் பழைமையானது. மாதரியின் மனையில் உணவுண்டு எழுந்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் அளித்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அதன் பின்னரே அவன் சிலம்போடு கடைவீதிக்குப் புறப்படுகிறான், மீண்டு வரவில்லை.

இத்துணை உரிமையோடு நாம் கொண்டாடும் இக்கொடி நம் நாட்டில் தோன்றியதன்று. தென்கிழக்காசியத் தீவுகளே இதன் தாயகம் என்பர் தாவர நூலார். மிளகின் உறவான இது, காட்டு மரங்களைக் கணுதோறும் விடும் வேரால் பற்றி ஏறுவது. அந்தக் காட்டையே சிறிதாக்கி அமைத்ததுதான் நம்மவர் கொடிக்கால். அகத்தியை நட்டு, நிழல் உண்டாக்கி, வாய்க்காலில் நீர் நிற்கவிட்டு, கொடியை ஏற்றுவர். விதையிடுவதில்லை; கொடியைக் கணுவோடு நறுக்கி நடுவர். ஆகவே இன்றைய கொடி பழங்கொடியின் துண்டேயாகும். தோட்டக்காரர் கைவிட்டால் அவ்வகையே அற்றுப்போகும். நெல்லைப் போலக் குதிரில் சேமித்து வைக்கவும் வழியில்லை.

விசயநகர அரசவைக்கு 1443-இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கே தமக்கு வெற்றிலை அளிக்கப்பெற்றதை எழுதி வைத்தார். அம்மரபு மைசூர் அரண்மனையிலும் தொடர்ந்தது. கன்னடர் 'வீள்யதெலெ' என்னும் இவ்விலை முதலில் மகாராசாவின் தோட்டங்களில் பயிராயிற்று; பின்னர்ப் பழைய அக்கிரகாரத்துப் பூர்ணையா சத்திரம் தொடங்கி வித்யாரண்யபுரம் வரை பரவி, சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 500 ஏக்கரை எட்டியது. (பூர்ணையா 1799 முதல் 1811 வரை திவானாக விளங்கியவர்.) இதன் மென்மைக்கும் காரத்துக்கும் இங்குள்ள கரிய களிமண்ணே காரணம் என்பர்.

ஹெப்பாளில் வாழும் நாம் நஞ்சன்கூடு செல்லும்போது அவ்வழியே போகிறோம். கண்ணிற்படுவன பெரும்பாலும் வீடுகளே. நம் காலனியைப் போன்ற குடியிருப்புகள் பெருகப் பெருகத் தோட்டங்கள் மனைகளாயின. இதில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல இயலாது.

மைசூர் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றுள்ளது. நம் சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இலும், கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இலும் அப்பேறு கிட்டியது. மகிழத்தக்கதே. ஆயினும் அக்குறியீடு பெயரைக் காக்குமேயன்றி நிலத்தைக் காவாது. எஞ்சியுள்ள தோட்டங்களில் இன்றும் உழவர் கொடியை நறுக்கி நட்டு வருகின்றனர். நாம் வாங்கும் கவுளியில் அவர்தம் இலையும் உண்டா என்று கடைக்காரரைக் கேட்டறியலாம்.