பிள்ளையை யார் பார்ப்பது?

இன்சீனில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் தாய்மார் சிலர், "சம்பளத்தில் பாதி பிள்ளை பார்ப்பவளுக்கே போகிறது, டாக்டர். அதனால் வேலையை விட்டேன்" என்கிறார்கள். இந்தக் கஷ்டம் வெகு பழையது.

பம்பாய் ஆலைப் பெண்களின் நிலையை 1922-ல் ஆராய்ந்த டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவர், பெரும்பாலோர் கைக்குழந்தைக்கு அபினி கொடுத்து உறங்கவைத்துவிட்டு வேலைக்குப் போவதைக் கண்டார். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர், வேறு வழியில்லை.

இந்தியாவின் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலாளியே அறை ஒதுக்கிப் பராமரிக்க வேண்டும் என்றது. 1976-ல் அந்த எண் 30 ஆனது. பர்மாவின் 1951-ம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைகளுக்கான அறையைப் பற்றிப் பேசியது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் அந்த விதி இருந்தபோது முதலாளி 30 பெண்களோடு நிறுத்திக்கொண்டால் செலவே இருக்கவில்லை! வயல் கூலிக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் அதில் இடமேது இருந்தது?

தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் வேறு வழியில் சென்றது. கிராமங்களில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் மையம், செலவு அரசாங்கத்தினுடையது. தாய் எங்கே வேலை செய்கிறாள், எத்தனை பேரோடு என்ற கேள்வியே இல்லை. எல்லோரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். களையெடுக்கப் போன தாய்க்கோ சில மணி நேர நிம்மதியும் கிடைத்தது. இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு மட்டும் அந்தத் திட்டத்தில் இடமில்லை. டாக்டர் பார்ன்ஸ் கண்டது அந்த வயதுப் பிள்ளைகளைத்தான்.