மட்டக்களப்பின் பழைய புகைப்படங்களும் படத் தபாலட்டைகளும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

மட்டக்களப்பின் வரலாற்றை எழுத முனைந்தோர் பெரும்பாலும் எழுத்துச் சான்றுகளையே நம்பி வந்துள்ளனர். எஸ். ஓ. கனகரெத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய நூலும், எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'மும், வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழக'மும் (1964) இவ்வகையில் முதன்மையானவை. புகைப்படமும் படத் தபாலட்டையும் வரலாற்றுச் சான்றுகள் என்ற வகையில் பெற்ற கவனம் மிகக் குறைவாகும்.

கடந்த இருபது ஆண்டுகளில் நிலைமை மாறியுள்ளது. பிரித்தானிய நூலகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம், ஹேக்கிலுள்ள நெதர்லாந்துத் தேசிய சுவடிக்கூடம் போன்ற நிறுவனங்கள் தம்மிடமுள்ள இலங்கைப் படங்கள் பலவற்றை இணையத்தில் இட்டுள்ளன. பழைய தபாலட்டைகளை விற்போரும் அவற்றின் இரு பக்கங்களையும் படமாக்கிக் காட்டுகின்றனர். முன்னர் கப்பலேறிச் சென்று பார்க்க வேண்டியிருந்தவற்றை இன்று வாவிக்கரையிலுள்ள ஒரு மாணவி தன் கைத்தொலைபேசியிற் காண முடிகிறது. இது பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் படங்கள் கைக்கு எட்டியமையால் மட்டும் வரலாறு கைக்கு எட்டிவிடாது. அவற்றை எடுத்தோர் யாவர், யாருக்காக எடுத்தனர், அவற்றின் கீழ் எழுதப்பட்ட சொற்கள் யாருடைய சொற்கள் என்ற வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் வணிக முறையிலான புகைப்படக் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரூன்றியது. ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கப்பெற்ற பிளாத்தே ஆகிய நிறுவனங்கள் இத்துறையிற் பெயர்பெற்றவை. இவை கொழும்பையும் கண்டியையும் தளமாகக் கொண்டவை. இவற்றின் வாடிக்கையாளர் கப்பற் பயணிகளும் தோட்டத் துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தருமாவர். எனவே கொழும்புத் துறைமுகம், கண்டி, நுவரெலியா, தேயிலைத் தோட்டங்கள், அநுராதபுர இடிபாடுகள் என்பனவே மீண்டும் மீண்டும் படமாயின. படத் தபாலட்டையின் பொற்காலம் 1900க்கும் முதல் உலகப்போர் மூண்ட 1914க்கும் இடைப்பட்ட காலமெனக் கொள்ளலாம். மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை வந்ததோ 1928இலேதான். மட்டக்களப்புப் படங்கள் அரிதாயிருப்பது தற்செயலன்று. ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தின் போக்குவரத்து வழிகளே எவ்விடம் படமாக வேண்டும் என்பதையும் தீர்மானித்தன.

படமானவை எவை என்பதும் நோக்கத்தக்கது. போர்த்துக்கேயர் 1628இற் கட்டி, ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றிய புளியந்தீவுக் கோட்டை, தென்னை நிழலில் வாவி, தோணியில் ஒரு மனிதன் என்பன இவ்வகைப் படங்களின் வழமையான பொருள்கள். புகைப்படக் கருவி தோன்றுவதற்கு வெகுமுன்னரே ஒல்லாந்தர் இக்கோட்டையை அளந்து வரைபடங்கள் தீட்டியிருந்தனர். கோட்டையைக் கைக்கொண்டவனின் பார்வை பின்வந்த புகைப்படக்காரனிடமும் தொடர்ந்தது எனலாம். வாவியின் மேற்கே நெல் விளையும் படுவான்கரை இப்பார்வையில் பெரும்பாலும் அடிவானத்துக் கோடாகவே எஞ்சுகிறது. போடியாரின் வயலில் முல்லைக்காரன் செய்த உழைப்பு, சூடடிப்பு, களவெட்டியில் நெல் பங்கிடப்பட்ட முறை என்பன அழகிய காட்சியைத் தேடியவனின் கண்ணிற் படவில்லை.

மனிதர் படமாகும்போது பிறிதொரு சிக்கல் எழுகிறது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தைச் சேர்ந்த சரசின் ஆய்வாளர் இருவரும் 1880களில் இலங்கைக்கு வந்து வேடரைப் பற்றிய பெருநூலொன்றைப் புகைப்படங்களுடன் வெளியிட்டனர். செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூல் 1911இல் வெளிவந்தது. கிழக்குக் கரையோரத்தே தமிழ் பேசி வாழும் கரையோர வேடரும் இவ்வாய்வுகளில் இடம்பெற்றனர். இத்தகைய முயற்சிகளின் அறிவியற் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயின் அக்கால மானிடவியலில் மனிதர் இனமாதிரிகளாக, முன்புறமும் பக்கவாட்டிலும் நிறுத்தி அளக்கப்பட்டனர் என்பதை மறத்தலாகாது. வணிகத் தபாலட்டையும் இதே வழியைப் பின்பற்றியது. துரைமாரின் படத்திற்குப் பெயர் உண்டு. தோணிக்காரனின் படத்திற்கு இனப்பெயர் மட்டுமே உண்டு.

இவ்வளவும் கூறியமையால் இப்படங்களை ஒதுக்கிவிட வேண்டுமென்பது கருத்தன்று. எடுத்தவன் கருதாதவற்றையும் படம் பதிவுசெய்து விடுகிறது. அதனைப் படிக்க முறையான பயிற்சி வேண்டும். முதலாவது, காலங் கணித்தல். முகத்துவாரத்து வெளிச்சவீடு 1913இற் கட்டப்பட்டது. தேசாதிபதி மானிங்கின் மனைவி பெயரால் அமைந்த கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அதன் அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. கல்லடித்துறையைக் காட்டும் படமொன்றில் இரும்புப் பாலம் இல்லையெனின் அப்படம் அப்பாலத்திற்கு முற்பட்டதென்று துணியலாம். தபாலட்டையின் பின்புறமும் சான்றாகும். முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுத பிரித்தானியா 1902இல் இசைந்தது. ஏனைய நாடுகள் சில ஆண்டுகளுக்குள் அதனைப் பின்பற்றின. ஆதலாற் பின்புறம் இரண்டாகப் பிரிக்கப்படாத அட்டை பழைய அமைப்பினது எனக் கொள்ளலாம். தபால் முத்திரையின் திகதி அட்டை அனுப்பப்பட்ட நாளையே காட்டும். படம் அதற்குப் பல்லாண்டுகள் முந்தியதாகவும் இருத்தல் கூடும்.

இரண்டாவது, பெயர். மட்டக்களப்பு என்ற பெயரை ஐரோப்பியர் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் எழுதினர். ஒரு வடிவத்தை மட்டும் கொண்டு இணையத்தில் தேடுவோர்க்கு ஏனையவை புலப்படா. தமிழில் தேடுவோர்க்கு வெளிநாட்டுக் காப்பகங்களில் ஏறத்தாழ ஒன்றுமே கிட்டாது. எமது ஊரின் படத்தை எமது மொழியிற் தேடிக் காண இயலாதிருப்பது வெறும் தொழினுட்பக் குறைபாடன்று. பட்டியலை எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதன் விளைவாகும்.

வெளிநாட்டுக் காப்பகங்களுக்கு எதிர்முனையில் நிற்பவை வீட்டுச் சுவர்களில் மாட்டப்பட்ட படங்கள். அங்கும் வர்க்க வேறுபாடு உண்டு. ஸ்ரூடியோவுக்குச் சென்று படமெடுக்கும் வசதி போடிமாருக்கும் உத்தியோகத்தருக்கும் முதலில் வாய்த்தது. கூலி விவசாயிக்கும் மீனவனுக்கும் பிந்தியே வாய்த்தது. அவ்வாறு சேர்ந்த சிறு சேகரிப்புகளையும் அழிவுகள் தொடர்ந்தன. 1978 நவம்பர் 23இற் சூறாவளி கூரைகளைப் பெயர்த்தது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் சத்துருக்கொண்டானிலும் மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். தமிழரும் முஸ்லிம்களும் உயிரை மட்டும் காத்துக்கொண்டு ஊர்களை விட்டகன்றனர். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் பறங்கியர் வாழ்ந்த டச்பாரையும் வாரிச்சென்றது. மீண்டு வந்தோரிடம் இறந்த உறவினரின் ஒரு படந்தானும் எஞ்சாத குடும்பங்கள் உண்டு. இவர்களைப் பொறுத்தவரை பழைய படம் என்பது ஆராய்ச்சிப் பொருள் மட்டுமன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. பழைய படமொன்றைக் காட்டி இவ்விடம் ஆதியிலிருந்து எமக்கே உரியது என வாதிடும் போக்கு எல்லாச் சமூகத்தாரிடையேயும் தோன்றக்கூடியது. ஒரு கணத்தையும் ஒரு கோணத்தையும் மட்டுமே காட்டும் படம் காணி உறுதியாகாது. தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் வேடரும் ஒரே வாவியைச் சுற்றி வாழ்ந்து உழைத்தனர். பெயரற்ற தோணிக்காரன் இவர்களுள் எவராகவும் இருக்கலாம். அவனுக்கு அவசரப்பட்டு ஓர் இனப்பெயரைச் சூட்டுவது பழைய தபாலட்டைக்காரனின் தவற்றையே மீளச் செய்வதாகும்.

எனவே செய்யவேண்டிய பணி தெளிவானது. 2005இல் தொடங்கப்பெற்ற நூலக நிறுவனம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை இணையத்திற் சேர்த்து வருகிறது. இத்தகைய முயற்சிகளோடு பல்கலைக்கழக மாணவர் இணைந்து, கிடைத்த படங்களை ஊர்களுக்குக் கொண்டுசென்று முதியோரிடம் காட்டுதல் வேண்டும். துறையின் பெயர், வள்ளத்தின் வகை, வலையின் பெயர், நிற்பவர் இன்னார் என அவர்கள் சொல்வனவற்றை, சொன்னவரின் இசைவோடு, தமிழிற் குறித்து வைத்தல் வேண்டும். வீட்டுப் படங்களைப் பிரதி செய்யும்போது மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் கணினிகளிலும் இன்னும் நீண்டகாலம் கிடக்கலாம். அவற்றிலுள்ள துறையையும் மனிதரையும் இனங்காணக் கூடியோர் அவ்வளவு காலம் இருக்கப்போவதில்லை. அவர்கள் இருக்கும்போதே அப்படங்களின் கீழ் பெயர்களை எழுதுவது எமது தலைமுறையின் கடனாகும்.