அமெரிக்க மேற்கெல்லைக் குடியேற்ற நாவல்கள்

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் மேற்குச் சமவெளிகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலம் பெற்றுக் குடியேறிய விவசாயக் குடும்பங்களின் ஜீவனத்தைப் பொருளாகக் கொண்டு எழுந்த நாவல் வகை இது. குதிரையும் துப்பாக்கியுமாகத் திரியும் மாட்டிடையர்களின் வீரப் பிரதாபங்களைச் சொல்லும் கதைகளோடு இவற்றையும் சேர்த்து எண்ணுவது வழக்கமாயினும், ஏர் பிடித்தவனையும், அவனைக் காட்டிலும் அதிகமாக அவன் வீட்டு ஸ்திரீகளையும் நடுவில் வைத்துப் பேசுவதால், இவை தனித்தே ஆராயத்தக்கவை.

இவ்விலக்கியத்துக்கு மூலகாரணம், 1862 மே 20 அன்று ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். சொற்பக் கட்டணம் செலுத்தி, 160 ஏக்கரில் வீடு கட்டி, ஐந்தாண்டுகள் அங்கேயே வசித்துப் பயிரிடுபவர்க்கு அந்நிலம் சொந்தமாகும் என்றது அச்சட்டம். நாளடைவில் சுமார் 16 லட்சம் பேர் அவ்விதம் உரிமை பெற்றனர். விலையின்றித் தருவதாகச் சட்டம் சொன்ன அந்நிலத்துக்கு மனிதர் உண்மையில் கொடுத்த விலை என்ன என்று கணக்குப் பார்ப்பதே இவ்வகை நாவல்களில் சிறந்தவை செய்த காரியமாகும்.

சட்டத்துக்கு முன்பே, 1827-இல், ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் ‘தி பிரெய்ரி’ என்ற நாவலை வெளியிட்டார். எனினும் அச்சமவெளியை அவர் கண்ணால் கண்டதில்லை. அங்கேயே உழைத்து வளர்ந்த ஹாம்லின் கார்லண்டு 1891-இல் வெளியிட்ட சிறுகதைகளிலோ கடனும் களைப்பும் ஒளிவுமறைவின்றிப் பேசப்பட்டன.

வில்லா கேதர் 1883-இல், ஒன்பது வயதுச் சிறுமியாக, வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு வந்தவர். ஸ்வீடன், பொஹீமியா முதலிய தேசங்களிலிருந்து வந்து குடியேறிய அண்டை வீட்டாரைக் கூர்ந்து கவனித்து வளர்ந்த அவர், ‘ஓ பயனியர்ஸ்’ (1913), ‘மை ஆந்தோனியா’ (1918) ஆகிய நாவல்களில் அவர்களுக்கு இலக்கியத்தில் நிலையான ஸ்தானம் அளித்தார். பின்னதில், தாய்நாட்டில் பிடில் வாசித்து மகிழ்ந்திருந்த தந்தை, முதற் குளிர்காலத்தைக் கடக்க இயலாமல் தற்கொலை செய்துகொள்கிறார். அவர் மகளோ வயலில் ஆண்மகனைப் போல் உழுது குடும்பத்தைக் கரையேற்றுகிறாள். அதே 1913-இல், தெற்கு டக்கோட்டாவில் தாமே நிலம் பெற்று உழுத கறுப்பின எழுத்தாளர் ஆஸ்கர் மிஷோ, தம் அநுபவங்களை ‘தி கான்க்வெஸ்ட்’ என்ற நாவலாக எழுதினார். இந்நூல் இன்னும் பலரால் படிக்கப்பட வேண்டியது.

இவ்வகையின் சிகரம், என் அபிப்பிராயத்தில், ஓலே ரோல்வாகின் ‘ஜயண்ட்ஸ் இன் தி எர்த்’. நார்வேயில் பிறந்து, மின்னஸோட்டாவில் ஆசிரியராயிருந்த அவர், தாய்மொழியிலேயே 1924, 1925 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட இந்நூல், 1927-இல் ஆங்கிலத்தில் வந்தது. மரமே இல்லாத அப்பிரதேசத்தில், புல்வேர் பின்னிய மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கிக் குடிசை கட்டும் பேர் ஹன்ஸா, எதிர்காலக் கனவில் திளைக்கிறான். ஒளிந்து நிற்கவும் ஒரு மறைவில்லாத அந்த வெட்டவெளியைக் கண்டு அஞ்சும் அவன் மனைவி பெரெட், இரவானதும் ஜன்னல்களைத் துணியால் மூடுகிறாள். வெட்டுக்கிளிகள் திரண்டு பயிரை அழித்த நாளில், ஊரிலிருந்து கொணர்ந்த பெரிய மரப்பெட்டிக்குள் குழந்தைகளோடு புகுந்து ஒடுங்கிக் கிடக்கிறாள். புருஷனின் உற்சாகத்தையும் மனைவியின் மனோவியாகூலத்தையும் ஒன்றுக்கொன்று குறைவின்றி, இரண்டும் மெய்யே என்று நாம் உணரும்படி எழுதியதே ரோல்வாகின் மேதைமை.

அந்நாவல் முடிவுறும் 1880–81 ஆம் ஆண்டின் கொடுங்குளிரே, லாரா இங்கால்ஸ் வைல்டரின் ‘தி லாங் வின்டர்’ (1940) நூலுக்கும் பொருளாயிற்று. பனியால் ரயில் வருவது நின்றுபோக, விறகும் நிலக்கரியும் அற்ற குடும்பத்தார் உலர்ந்த புல்லைக் கழிகளாக முறுக்கி அடுப்பெரிப்பதையும், காபிக்கொட்டை அரைக்கும் சிறு யந்திரத்தில் விதைக் கோதுமையை நாளெல்லாம் முறைவைத்து அரைத்து ரொட்டி சுடுவதையும், தாமே செய்தவர்க்குரிய நுணுக்கத்தோடு அவர் விவரிக்கிறார். அறுபத்தைந்தாம் வயதில், 1932-இல் தொடங்கி எட்டு நூல்கள் வெளியிட்ட அவருடைய கைப்பிரதிகளைச் செப்பனிட்டவர் மகள் ரோஸ் வைல்டர் லேன், இவரும் நாவலாசிரியரே.

ஆனால் லாராவின் பெற்றோர் 1869-இல் கான்ஸஸில் வீடு கட்டியது ஓஸேஜ் பழங்குடியினருக்குரிய நிலத்தில். ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரெய்ரி’யின் (1935) முதற் பதிப்பில் அப்பழங்குடியினரை ஜனங்களாகவே எண்ணாத வாசகம் ஒன்று இருந்தது, வாசகர் ஒருவர் ஆட்சேபித்ததன்பேரில் 1953-இல் அது திருத்தப்பட்டது. வைல்டர் பெயரால் வழங்கிவந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரும் 2018-இல் மாற்றப்பட்டது. விடுபட்டுப்போன அந்தக் கணக்கை, பழங்குடி வம்சத்தில் வந்த லூயிஸ் எர்ட்ரிச் ‘தி பர்ச்பார்க் ஹவுஸ்’ (1999) நாவலில் எடுத்துக்கொண்டார். 1847-இல், சுப்பீரியர் ஏரித் தீவொன்றில் வாழும் ஓஜிப்வே சிறுமியின் வீட்டுக்குள் வைசூரி புகுவதில் தொடங்கும் அத்துயரம், தொடர்ந்து வந்த நூல்களில் அக்குடும்பம் தன் இருப்பிடத்தை விட்டு மேற்குச் சமவெளி நோக்கிப் பெயர்வதாக விரிகிறது.