கடோத்கஜனும் 76 வயசு இளைஞரும்

போன வாரம் ஒரு பழைய இந்திப் படம் பார்த்தேன் மக்களே. பேரு 'கடோத்கச்', 2008ல வந்த அனிமேஷன் படம். இந்தி எனக்கு 'பாணி', 'ரொட்டி'யோட சரி. ஆனாலும் முழுசா உக்காந்து பார்த்ததுக்குக் காரணம், இயக்குனர் பேரு: சிங்கீதம் சீனிவாச ராவ்.

பேசும் படம், அபூர்வ சகோதரர்கள், மைக்கேல் மதன காமராஜன்னு கொடுத்த அதே மனுஷன்தான். 1931ல பிறந்தவர். கடோத்கச் வந்தப்போ 76 வயசு. அந்த வயசுல நம்ம வீட்டுப் பெரியவங்க ரிமோட்ல சானல் மாத்தவே நம்மளக் கூப்பிடுவாங்க. இவர் கார்ட்டூன் எடுக்கக் கிளம்பிட்டார் :)

2005ல 'ஹனுமான்' ஓடுனதுக்கப்புறம் இந்தியில புராண கார்ட்டூன்கள் வரிசை கட்டி வந்துச்சு. இதுவும் அதுல ஒண்ணுன்னு ஒதுக்கிடலாம். ஆனா இவர் ஏன் கடோத்கஜனைப் பிடிச்சாருங்கறதுக்கு ஒரு ஐம்பது வருஷக் கதை இருக்கு.

1957ல சென்னை விஜயா வாஹினியில கே.வி. ரெட்டி 'மாயா பஜார்' எடுத்தப்போ, உதவி இயக்குனர் கூட்டத்துல நம்ம சிங்கீதமும் இருந்தார். எஸ்.வி. ரங்காராவ் முன்னால லட்டு தானா எகிறி வாய்க்குள்ள போகுமே, ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டர் இல்லாத காலம். கேமராவை நிறுத்தி, லட்டைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி... யோசிச்சுப் பார்த்தா அதுவே அனிமேஷன்தான். அப்படிப் பார்த்தா சிங்கீதம் 76 வயசுல புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கல, 25 வயசுல பார்த்த வேலையைத்தான் தொடர்ந்திருக்கார்.

கதையும் அதேதான். அபிமன்யு கல்யாணத்துக்காகக் கடோத்கஜன் மாயம் பண்றது. பொண்ணு பேரு தமிழ்ல வத்சலா, தெலுங்குல சசிரேகா, இந்தியில சுரேகா. இதுல ஒரு வேடிக்கை, வியாச பாரதத்துல இந்தக் கல்யாணமே கிடையாது. அங்க அபிமன்யுவுக்கு உத்தரைதான். பலராமன் பொண்ணு கதை ஜனங்க தாங்களே சேர்த்துக்கிட்டது. 1921லயே பாபுராவ் பெயின்டர் 'சுரேகா ஹரண்'னு மௌனப்படமா எடுத்துட்டார்.

ஏன் சேர்த்தாங்க? இங்கதான் எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்துச்சு.

நான் திண்டிவனத்துக்காரன். எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடணும். செஞ்சி பக்கத்துல மேலச்சேரிதான் ஆதிக் கோயில்னு சொல்லுவாங்க. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில படுகளம், தீமிதி. ஆயா மடியில பாதித் தூக்கத்துல நான் கேட்ட பாரதத்துல அர்ஜுனனை விட அரவான்தான் பெரிய ஆள். அர்ஜுனனுக்கு நாக கன்னிகிட்ட பிறந்தவன், அப்பன் பக்கம் ஜெயிக்கணும்னு களப்பலி ஆனவன். அவனுக்குத்தான் கூவாகத்துல சித்திரையில திருநங்கைகள் தாலி கட்டி அறுக்கறாங்க (2019 வரைக்கும் கூவாகம் எங்க விழுப்புரம் மாவட்டம், இப்ப கள்ளக்குறிச்சி).

கடோத்கஜனும் அதே ஜாதகம்தான். பீமனுக்கு இடும்பிகிட்ட, காட்டுல பிறந்தவன். பதினாலாம் நாள் ராத்திரிப் போர்ல, அர்ஜுனனுக்காகக் கர்ணன் பத்திரமா வெச்சிருந்த சக்தி ஆயுதத்தை நெஞ்சுல வாங்கிக்கறான். பாண்டவங்க அழறாங்க, கிருஷ்ணன் மட்டும் ஆடறார். 'இவனை அவன் கொல்லாட்டி நானே கொல்ல வேண்டி வந்திருக்கும்'ங்கற அர்த்தத்துல வேற சொல்றார். துரோண பர்வத்துல இருக்கு, படிச்சப்போ எனக்கு ராத்திரி தூக்கம் வரல. காட்டுப் பொம்பளைங்க பெத்த பசங்க ரெண்டு பேரும் பலிக்கு. பட்டாபிஷேகம் வேற ஆளுக்கு.

அதனால மாயா பஜாரை நான் இப்படிப் பார்க்கறேன்: பாரதத்துல சாகறதுக்குன்னே கூப்பிடப்பட்டவனுக்கு, ஜனங்க ஒரு கல்யாண வீட்டைக் கொடுத்திருக்காங்க. அங்க அவன் வெச்சதுதான் சட்டம். கௌரவங்க கோமாளி ஆகறாங்க. கே.வி. ரெட்டி படத்துல பாண்டவங்க ஒரு ஃபிரேம்ல கூட வரமாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? தேவையே படல.

சிங்கீதம் இன்னும் ஒரு படி கீழ இறங்கி அவனைச் சின்னப் பையனா ஆக்கிட்டார். பேருக்கு அர்த்தமே குடம் மாதிரி முடியில்லாத தலைங்கறதுதான். அந்தத் தலையை மறைக்காம அதையே ஹீரோவா வரைஞ்சிருக்காங்க. கூட ஒரு குட்டி யானை. ('உத்கச'ங்கறதைத் தமிழ்ல நாம 'கஜன்' ஆக்கி எப்பவோ யானையைச் சேர்த்துட்டோம், அது வேற விஷயம்!) படம் அனிமேஷனாப் பார்த்தா சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன். நடை உடை எல்லாம் விறைப்பா இருக்கு. ஆனா ஒண்ணுமில்லாத இடத்துல ஒரு ஊரையே எழுப்பறவன் யாரு? சினிமாக்காரன்தானே. குருநாதர் செட்டுல கத்துக்கிட்ட மாயத்தைக் கடைசியில ஒரு அரக்கக் குழந்தை கையில கொடுத்த மாதிரிதான் எனக்குத் தோணுச்சு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ ஆயாகிட்ட போன்ல ரங்காராவ் பாட்டைப் போட்டுக் காட்டினேன். லட்டு பறக்கறப்போ கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. முடிஞ்சதும் போனைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கேட்டாங்க: "இந்தப் புள்ளையத்தானடா அப்புறம் கர்ணன் அடிச்சிப்புட்டான்?"